படகின் சுவிச் பனல் கரைச்சல் தந்தால்: குறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

முல்லைத்தீவுக் கரையில், கள்ளப்பாட்டிலிருந்து அளம்பில், செம்மலை, கொக்கிளாய் வரைக்கும் படகு பெரும்பாலும் மணலில்தான் ஏறி இறங்குகிறது. இறக்கும்போது அலையின் குத்து, ஏற்றும்போது உழவு இயந்திரத்தின் இழுவை, இடையில் உப்புச் சாரல். இத்தனைக்கும் நடுவில் 12 வோல்ற் சுவிச் பனல் ஒன்று இருந்து பாடுபடுகிறது. அதனால் அதில் வரும் கோளாறில் பெரும்பகுதி, உறுப்பு தேய்ந்து வருவதல்ல. பொருத்துத் தளர்ந்தும் களிம்பு ஏறியும் வருவது. சுவிச்சை மாற்றியும் அதே பிழை திரும்ப வருகிறது என்று சொல்பவர்கள் அநேகமாக வயரின் நுனியைப் பார்க்காமல் மாற்றியவர்கள்.

இங்கே சொல்வது 18 முதல் 23 அடி வரையான பைபர் படகுகளை மனதில் வைத்து. உள்எஞ்சின் படகுக்கும் 12 வோல்ற் பக்கம் இதேதான். இன்வேர்ட்டர் வைத்து 230 வோல்ற் ஓட்டுபவர்கள் அந்தப் பகுதியைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். ஈரக்கையோடு தொட அது விளையாட்டுச் சாமான் இல்லை.

கை வைப்பதற்கு முன் மூடிகளையெல்லாம் திறந்து காற்றோட விடுங்கள். பெற்றோல் ஆவி காற்றை விடக் கனமானது; படகின் அடியில் தங்கி நிற்கும். சார்ஜ் ஏறும் பற்றரியிலிருந்து வரும் ஐதரசனும் சின்னப் பொறியில் பற்றிக்கொள்ளும். கழற்றும்போது நெகற்றிவ் முதலில், பூட்டும்போது நெகற்றிவ் கடைசியில். பொசிற்றிவ் நட்டில் சாவி இருக்கும்போது அது எஞ்சினில் தட்டினாலும் அப்போது பயமில்லை. கையில் மோதிரம் இருந்தால் கழற்றி வையுங்கள்.

மீற்றர் ஒன்று வேண்டும். அதைவிட முக்கியமாக ஒரு செக் லாம்ப். ஓட்டோவின் சிக்னலுக்குப் போடும் 12 வோல்ற் 21 வாட் பல்ப் ஒன்றை எடுத்து, இரண்டு வயரும் இரண்டு கிளிப்பும் வைத்துக் கட்டினால் போதும். மீற்றர் மின்சாரத்தை ஏறக்குறைய இழுக்கவே இழுக்காது. ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயரிலும் அது 12.6 என்று அழகாகக் காட்டும். 21 வாட் பல்ப் ஒன்றேமுக்கால் அம்பியர் கேட்கும். வழியில் அடைப்பு இருந்தால் மங்கிப்போய்க் காட்டிக்கொடுக்கும்.

எல்லாமே செத்துப்போய்க் கிடக்கிறது

முதலில் பற்றரி. சார்ஜில் இருந்து கழற்றிச் சில மணித்தியாலம் ஓய்ந்த பிறகு 12.6, 12.7 காட்டினால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே நின்றால் பனலைக் குறை சொல்லாதீர்கள். கயிறு இழுத்து ஸ்ரார்ட் செய்யும் சின்ன எஞ்சின்கள் பலவற்றில் பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கும் வசதியே இருக்காது. கரையில் ஏற்றியதை வைத்துத்தான் இரவு முழுக்க ஓட்ட வேண்டும்.

பற்றரி நல்லதென்றால் செக் லாம்பின் ஒரு கிளிப்பை நெகற்றிவ் முனையில் கடித்துவிட்டு, மற்றதைப் பொசிற்றிவ் வழியே படிப்படியாக நகர்த்துங்கள்: பற்றரி முனை, அதன் மேல் கவ்வி, பிரதான பியூஸின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பிரதான சுவிச், பனலில் வயர்கள் வந்து சேரும் பொதுக்கட்டை. எந்த இடத்துக்குப் பிறகு வெளிச்சம் இல்லையோ, பிழை அதற்கும் முந்திய இடத்துக்கும் நடுவில். பற்றரி முனையில் எரிந்து கவ்வியில் எரியாமல் விடுவது சாதாரணமாக நடக்கிற விஷயம். முனைக்கும் கவ்விக்கும் இடையே வெள்ளை மாவு பூத்திருக்கும். அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்துக் கழுவுங்கள், செல்லுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டு, இறுக்கிப் பூட்டி, அதன் மேல் வசலின். பூட்டிய பிறகுதான் வசலின்.

கண்ணாடிப் பியூஸை வெறும் கண்ணால் நம்பக் கூடாது. உள்ளே கம்பி முழுசாகத் தெரியும். ஆனால் தொப்பிக்கும் கம்பிக்கும் இடையில் விட்டிருக்கும். சிகரெட் பெட்டித் தாள் சுற்றிய பியூஸ் கண்ணில் பட்டால் முதல் வேலையாகப் பிடுங்கி எறியுங்கள். அது பியூஸ் இல்லை, வயரே எரியட்டும் என்று விட்ட அனுமதி. பிரதான பியூஸ் பற்றரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது சிறுபடகு வயரிங்கில் சொல்லப்படும் கணக்கு. பியூஸுக்கு முன்னால் உள்ள வயருக்குப் பாதுகாப்பு ஒன்றும் கிடையாது என்பதுதான் காரணம்.

ஒன்று மட்டும் வேலை செய்யவில்லை

பல்ப், பியூஸ் இரண்டையும் வேலை செய்கிற இன்னொன்றோடு மாற்றிப் பாருங்கள். அப்புறம் பனலின் பின்பக்கம். சுவிச்சைப் போட்டுவிட்டு, அதன் இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் தொடுத்துப் பாருங்கள். எரிந்தால் சுவிச் போய்விட்டது. எரியாவிட்டால் சுவிச் பாவம், அதைக் கழற்றாதீர்கள். பிழை லைட் பக்கத்திலோ நெகற்றிவிலோ இருக்கிறது.

போன சுவிச்சுக்கு எண்ணெய் அடித்து உயிர் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஸ்பிரே அடித்தால் ஒரு கிழமை ஓடும். உள்ளே உப்பு பட்ட தொடுகை மறுபடியும் கறுக்கும், அதுவும் நடுக்கடலில் கறுக்கும். மாற்றிவிடுங்கள். புதுக்குடியிருப்பிலோ கிளிநொச்சியிலோ வாகன உதிரிப்பாகக் கடையில் வாங்குவதானால் கையில் எடுத்து இரண்டு விஷயம் பாருங்கள். முன்பக்கம் இறப்பர்த் தொப்பி இருக்கிறதா, அல்லது போட முடியுமா? பின்னால் முனைகள் பித்தளையா, முலாம் பூசிய இரும்பா? சின்னக் காந்தம் ஒன்றைக் கிட்டக் கொண்டுபோனால் தெரிந்துவிடும். காந்தம் ஒட்டினால் அந்தச் சுவிச் வயலுக்குச் சரி, கடலுக்கு வேண்டாம். வீட்டுச் சுவரில் போடும் சுவிச்சையும் படகில் கண்டிருக்கிறேன். அதன் உடம்பில் எழுதியிருக்கும் அம்பியர் ஆடலோட்ட மின்சாரத்துக்கு. ஆடலோட்டத்தில் நொடிக்குப் பல தடவை மின்சாரம் பூச்சியத்துக்கு வந்து போவதால் பொறி தானாக அணைகிறது. பற்றரி மின்சாரத்தில் அது நின்று எரியப் பார்க்கும். பம்ப் மோட்டாரை அதில் தொடுத்தால் தொடுகை சீக்கிரம் கருகும்.

‘தட்டினால் எரியுது, விட்டால் நூருது’

இதுதான் நம் கரையின் தேசியக் கோளாறு. மாரி முழுக்கக் கரையில் கிடந்த படகு, வாடை ஓய்ந்து முதல் தடவை இறங்கும்போது அநேகமாக இப்படித்தான் தொடங்கும்.

பனலின் பின்னால் ஒவ்வொரு வயரையும் இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுங்கள். முறுக்கிச் செருகி டேப் சுற்றியது கையோடு வரும். லக் (வயர் நுனியில் நசுக்கிப் போடும் உலோக முனை) போட்டது வந்தாலும் ஆச்சரியமில்லை. குறட்டால் நசுக்கிய லக் பிடியே இல்லாமல் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். ஈயம் பற்றவைத்த பொருத்தாக இருந்தால், ஈயம் முடிந்து இழை தொடங்கும் இடத்தில் வளைத்துப் பாருங்கள். ஈயம் ஊறிய இடம் விறைத்துப்போகும், அதற்கு அடுத்த இடம் எஞ்சின் அதிர்வில் ஆடி ஆடி அங்கேயே ஒடியும். வெளியே உறை முழுசாக இருக்கும், உள்ளே இழை அறுந்திருக்கும்.

சந்தேகமான வயரின் உறையை ஒரு அங்குலம் உரித்துப் பாருங்கள். நல்ல செம்பு புதுச் சதம் மாதிரி மினுங்கும். நுனியில் பச்சைக் களிம்பு இருந்தால் இன்னும் ஒரு அங்குலம் உரியுங்கள். உள்ளே போகப் போகப் பச்சை போய், மங்கிய கறுப்பாக வரும். இழைகளுக்கு நடுவே உப்புத்தண்ணீர் ஊறி மேலே ஏறிய தடம் அது. அந்தக் கறுப்பு இழையில் புது லக்கை எவ்வளவு அழுத்திப் போட்டாலும் பிடிக்காது, ஈயமும் ஒட்டாது. மினுங்கும் செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு முழம் வெட்டியும் வரவில்லையென்றால் அந்த வயர் முழுவதையும் மாற்றுங்கள். இடையில் துண்டு வைத்து நீட்டினால் இன்னும் இரண்டு பொருத்துக் கூடும், கரைச்சலும் இரண்டு கூடும்.

புது வயர் வெள்ளீயம் பூசிய செப்பு இழையாக இருந்தால் நல்லது. எல்லாக் கடையிலும் அது கிடைக்காது. கிடைக்காவிட்டால் மெல்லிய இழை நிறைய உள்ள வாகன வயராவது வாங்குங்கள். வீட்டு வயரிங்குக்கு வரும் ஏழு இழை வயர் தடிப்பான இழை. அதிர்வில் ஒன்றொன்றாக ஒடியும். லக்கை அதற்கான கிரிம்ப் குறட்டால்தான் நசுக்க வேண்டும். உள்ளே பசை உள்ள, சூடு காட்டினால் சுருங்கும் குழாயை லக்கின் கழுத்தில் போட்டுச் சூடாக்குங்கள். ஓரத்தில் பசை வடிந்து எட்டிப் பார்த்தால் அடைத்துவிட்டது என்று அர்த்தம். பெற்றோல் ராங்கிக்குப் பக்கத்தில் லைற்றர் பிடிக்கும் வேலை வேண்டாம். முடிந்தால் பனலைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து செய்யுங்கள்.

றேடியோ கேட்கிறது, கதைத்தால் நூருது

“தம்பி, புது றேடியோ. எல்லாம் வடிவாக் கேக்குது. பட்டனை அமத்திக் கதைக்க வெளிக்கிட்டா நூந்து போகுது. றேடியோ பிழை போல.”

“அண்ணை, றேடியோவைக் கடைக்குத் திருப்ப முதல் வயரை ஒருக்கால் அளந்து பாப்பம்.”

இந்தப் பேச்சு கரையில் அடிக்கடி நடக்கும். 25 வாட் விஎச்எப் றேடியோ கேட்கும்போது அரை அம்பியர் அளவில்தான் இழுக்கும். கதைக்கும்போது 5, 6 அம்பியருக்குத் தாவும். மெலிந்த வயரும் களிம்பேறிய பொருத்தும் முதலாவதைத் தாங்கும், இரண்டாவதைத் தாங்காது. பம்பைப் போட்டவுடன் மீன் தேடும் பிஷ் பைன்டர் நின்று திரும்பத் தொடங்குவதும், ஒரு லைட்டைப் போட்டால் மற்றது மங்குவதும் இதே குடும்பம்.

அளக்கும் முறை இது. மீற்றரின் ஒரு முள்ளைப் பற்றரியின் பொசிற்றிவ் முனையில் வையுங்கள், மற்றதை றேடியோவுக்குள் போகும் பொசிற்றிவில். வயர் எட்டாவிட்டால் நீட்டிக்கொள்ளுங்கள். அன்ரனா பூட்டியிருக்கிறதா என்று உறுதிப்படுத்துங்கள். அன்ரனா இல்லாமல் அனுப்பினால் றேடியோவுக்கே கேடு. அவசர அழைப்புக்கான 16ஆம் சனலில் இல்லாமல் வேறு சும்மா இருக்கும் சனலில் ஒரு கணம் பட்டனை அமர்த்துங்கள். மீற்றர் காட்டுவது அந்த வழியில் தொலைந்துபோகும் வோல்ற். அதேபோல நெகற்றிவ் பக்கமும் பாருங்கள். இரண்டையும் கூட்டினால், றேடியோ, ஜிபிஎஸ், வழிவிளக்கு போன்ற உயிர்காக்கும் சாமான்களுக்கு 12 வோல்ற்றில் 3 வீதத்துக்குள், அதாவது 0.36க்குள் இருக்க வேண்டும். மற்றவைக்கு 10 வீதம் வரை விடலாம்.

வயரே மெலிவா என்பதையும் கணக்குப் பார்க்கலாம். பற்றரி பின்னால், றேடியோ முன்பெட்டியில், நடுவே 5 மீற்றர் என்று வைப்போம். போகவும் வரவும் 10 மீற்றர். 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 5 அம்பியருக்கு ஏறக்குறைய 0.67 வோல்ற் தொலையும். 2.5 போட்டால் 0.4. 4 போட்டால் 0.25. ஆகவே அந்தத் தூரத்துக்கு 4தான். இந்தக் கணக்கில் வரவேண்டியதை விட மீற்றரில் அதிகம் காட்டினால், வயரை விட்டுவிட்டுப் பொருத்துகளைத் தேடுங்கள். முள்ளை ஒவ்வொரு பொருத்தின் இரண்டு பக்கமும் வைத்து அதே மாதிரி அமர்த்திப் பார்த்தால், எந்தப் பொருத்து தின்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒன்றைப் போட்டால் இன்னொன்று மினுக்குகிறது

சுவிச்சைத் தொடாமலேயே இடப்பக்கச் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தால், நெகற்றிவ் பொதுக்கட்டைக்குப் போங்கள். அங்கே பிரதான நெகற்றிவ் தளர்ந்திருக்கும். மின்சாரத்துக்குத் திரும்ப வழியில்லை; கிடைக்கிற பல்புக்குள்ளால் சுற்றிப் போகப் பார்க்கிறது.

நம்முடைய எலக்ட்ரிசியன்மார் அநேகர் உழவு இயந்திரத்திலும் ஓட்டோவிலும் தொழில் படித்தவர்கள். கெட்டிக்காரர்கள்தான். ஆனால் வண்டியில் உடம்பே எர்த். பைபர் உடம்பில் மின்சாரம் போகாது. ஒவ்வொரு சாமானுக்கும் சொந்தமாக நெகற்றிவ் வயர் பொதுக்கட்டை வரை வர வேண்டும். ஒரு லைட்டின் நெகற்றிவை அடுத்த லைட்டின் நெகற்றிவோடு முறுக்கிவிட்டுப் போவது வண்டிப் பழக்கம். கட்டையின் தண்டில் லக்கும் கட்டையும் நேருக்கு நேர் தொட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஸ்ரெயின்லெஸ் வாஷரைச் செருகாதீர்கள். அது துருப்பிடிக்காது, மின்சாரத்தையும் வடிவாகக் கடத்தாது. வாஷர் லக்குக்கு மேலே.

சுவிச் சுடுகிறது, பிளாஸ்டிக் பழுப்பாகிறது

இதைத் தள்ளிப் போடாதீர்கள். ஒரு பொருத்தில் வெறும் 0.1 ஓம் தடை ஏறினாலும் 10 அம்பியர் ஓடும்போது 10 வாட் சூடு அந்த ஒரு புள்ளியில் இறங்கும். சூட்டில் பிளாஸ்டிக் இளகும், பிடி இன்னும் தளரும், சூடு இன்னும் ஏறும். சுவிச்சும் லக்கும் இரண்டும் மாற வேண்டும். சூடு பட்ட பியூஸ் கவ்விக்குப் பிடிமானம் திரும்ப வராது, வளைத்துச் சரிக்கட்டிப் பயனில்லை.

பியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது

ஒவ்வொரு பியூஸாகப் பலி கொடுக்காமல் பியூஸ் இருந்த இடத்தின் இரண்டு கவ்வியிலும் செக் லாம்பின் கிளிப்புகளை மாட்டுங்கள். அந்த வழியில் உள்ள சாமான்களின் சுவிச்சை நிறுத்தியும், செருகியைப் பிடுங்கியும் வையுங்கள். லாம்ப் முழு வெளிச்சமாக எரிந்தால் வயர் எங்கோ நேரடியாகத் தொடுகிறது. எரிய விட்டபடியே வயரை ஓரிடம் ஓரிடமாக அசைத்துக்கொண்டு போங்கள். அணைகிற இடம்தான் இடம். அநேகமாக வயர் துளைக்குள்ளால் போகும் ஓரத்தில், இறப்பர் வளையம் இல்லாமல் உரசி உறை தேய்ந்த இடத்தில் பிடிபடும். சாமானைச் செருகும்போதுதான் முழு வெளிச்சம் வருகிறதென்றால் குற்றம் சாமானில்.

புது சுவிச் போட்ட கையோடு பியூஸ் போனால் வேறு கதை. உள்ளே லைட் உள்ள மூன்று முனைச் சுவிச்சில், நிறம் வேறாக மஞ்சளாய் இருக்கும் முனை வழக்கமாக நெகற்றிவுக்கு. அது சுவிச்சின் சின்ன லைட்டுக்கு மட்டும். நெகற்றிவ் வயரை அடுத்த முனையில் மாட்டிவிட்டால், சுவிச்சைப் போட்ட நிமிடமே பொசிற்றிவும் நெகற்றிவும் ஒன்றாகும்.

தகட்டுப் பியூஸில் மண்ணிறம் கலந்த வெளிர் நிறம் 5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 அம்பியர். 10 போகிறது என்று 30 போடுவது கோளாறை வயருக்குள் தள்ளும் வேலை.

இரவில் ஒன்றும் போடவில்லை, காலையில் பற்றரி இறங்கியிருக்கிறது

எல்லாச் சுவிச்சையும் நிறுத்தி, நெகற்றிவைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவில் மீற்றரை அம்பியரில் வையுங்கள். அந்த நிலையில் எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணாதீர்கள், மீற்றர் போய்விடும். ஏதாவது ஓடினால் பியூஸை ஒன்றொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழி. எல்லாம் பிடுங்கியும் கொஞ்சம் ஓடுகிறதென்றால் பனலின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். விரலில் உப்பு ஒட்டும். உப்பும் ஈரமும் சேர்ந்த படலத்தின் மேலால் மின்சாரம் ஊர்ந்து போகும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, வெயிலில் நன்றாகக் காய வைத்துப் பூட்டுங்கள்.

அடித்தண்ணீர் இறைக்கும் பம்ப் தானாக ஓடவில்லை என்ற முறைப்பாட்டில் முக்கால்வாசி, மிதவைச் சுவிச்சுக்கு அடியில் வலைத்துண்டோ மீன் செதிலோ சிக்கியது. மிதவையின் வயர் பனலின் பிரதான சுவிச்சுக்குப் பின்னால் தொடுத்திருந்தால், ஆளில்லாத படகில் அது ஓடவே ஓடாது. தனிப் பியூஸ் போட்டுப் பற்றரியிலிருந்து நேராக எடுங்கள். எல்ஈடி லைட் மாற்றிய பிறகு றேடியோவில் இரைச்சல் வந்தால் அந்த லைட்டை நிறுத்திப் பாருங்கள். இரைச்சல் நின்றால் மலிவு லைட்டின் உள்சுற்றுதான் காரணம், வேறு லைட் வாங்குங்கள்.

முழுப் பனலையும் மாற்றுவதானால்

இரண்டு மூன்று சுவிச் ஒரே பருவத்தில் போய், பின்னால் வயர்களும் கறுத்திருந்தால் ஒட்டுப்போடுவதில் இலாபமில்லை. கழற்ற முன் போனில் படம் எடுத்து, ஒவ்வொரு வயரிலும் என்ன சாமானுக்குப் போகிறது என்று எழுதி ஒட்டுங்கள். புதுப் பனலை அலை அடிக்கும் முகத்தில் வைக்காமல் உள்முகமாக, முடிந்த அளவு உயரத்தில் பூட்டுங்கள். வயர்கள் பனலுக்கு மேலிருந்து நேராக இறங்காமல், கீழே ஒரு வளைவு போட்டு மேலேறி உள்ளே போகட்டும். வயர் வழியே வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். ஒரு சாணுக்கு ஒரு கட்டு போடுங்கள். இரண்டு இடம் சும்மா விட்டுப் பனல் வாங்கினால் நாளைக்கு ஒரு ஜிபிஎஸ் வந்தால் உதவும்.

பூட்டி முடிந்தால் கரையிலேயே இருட்டில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரை மணித்தியாலம் விடுங்கள். முன் விளக்கின் முனையில் வோல்ற் பாருங்கள், பற்றரியிலும் பாருங்கள், வித்தியாசத்தை மூடியின் உள்பக்கம் அழியாத பேனையால் தேதியோடு எழுதுங்கள். அப்புறம் பிரதான சுவிச்சை நிறுத்தி, பனலின் பின்னால் ஒவ்வொரு பொருத்தையும் விரலால் தொடுங்கள். சுடுகிற பொருத்தைத் திரும்பக் கழற்றிச் செய்த பிறகு படகை இறக்குங்கள்.